கோழி இனத்தை மாற்றினால் கீரியும் பருந்தும் விட்டுவிடுமா?

மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கத்தில், வயலும் சிறுகாடும் தொட்டுக்கொள்ளும் ஒரு கிராமத்திலிருந்து 34 வயதுச் சகோதரி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. கணவர் கட்டாரில். வீட்டில் மாமியும் இரண்டு பிள்ளைகளும். அரை ஏக்கர் வளவு. மாதர் சங்கத்தில் கடன் எடுத்து, ஒரு மாத வயதான பழுப்பு நிற முட்டைக்கோழிக் குஞ்சுகள் 40 வாங்கி, வளவில் மேய்ந்த கோழியின் முட்டைக்கு நல்ல விலை கிடைக்கும் என்று வந்த வாரமே திறந்து விட்டிருக்கிறார். மூன்று மாதத்தில் 27 போய்விட்டன. மாமியின் ஐந்து ஊர்க்கோழிப் பேடுகளும் அதே வளவில்தான் மேய்கின்றன. அவற்றில் ஒன்றுகூடப் போகவில்லை. ஒன்றுக்கு மட்டும் செட்டையில் காயம், ஒரு கண்ணும் போய்விட்டது.

அவர் கேட்பதைச் சுருக்கித் தருகிறேன். "டொக்டர், பருந்து, கீரி, நரி மூன்றுக்கும் தப்புகிற இனம் எது? கருங்கோழியைப் பருந்து தொடாது என்று யூடியூப்பில் ஒருவர் சொல்கிறார். காட்டுக்கோழி முட்டையை எடுத்து அடை வைத்தால் குஞ்சு தப்பும் என்கிறார்கள். பக்கத்து வளவு அண்ணன் கூட்டைச் சுற்றிக் கரண்ட் கம்பி இழுக்கச் சொல்கிறார். இன்னொருவர் முட்டைக்குள் நஞ்சு மருந்து வைக்கச் சொல்கிறார். எல்லாத்தையும் வித்துப்போட்டுக் கடனைக் கட்டு என்று இவர் ஃபோனில் ஏசுகிறார். மாமி ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. இன்னொரு கடன் எடுத்து நல்ல இனமாக வாங்கவா, இதோடு விட்டுவிடவா?" கடிதத்தோடு, மகளின் பழைய பள்ளிக் கொப்பியில் எந்தக் கோழி எந்த நாள் எப்படிப் போனது என்று எழுதி வைத்த பக்கங்களின் படமும் வந்திருக்கிறது.

தங்கச்சி, அந்தக் கொப்பிக்காகவே உங்களுக்கு நீளமாகப் பதில் எழுதுகிறேன். கோழி வளர்ப்பவர்களிடம் முப்பது வருடமாக நான் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை மணிக்குப் போனது?" என்பது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரிகிறது. இப்படிக் கணக்கு வைக்கிற ஒருவர் இந்தத் தொழிலை விடுவதை நான் விரும்பவில்லை. ஆனால் இன்னொரு கடன் எடுப்பதையும் நான் விரும்பவில்லை.

தப்புகிற இனம் எது என்று கேட்டீர்கள். பகலில் தப்பத் தெரிந்த இனம் இருக்கிறது. இருட்டில் எல்லா இனமும் ஒன்றுதான். கோழிக்கு இரவில் கண் தெரியாது. எவ்வளவு வேகமான ஊர்க்கோழியும் இரவில் கொம்பில் இருந்தபடியே பிடிபடும். ஆகவே எந்த இனம் என்று தீர்மானிக்க முதல், எந்த நேரத்தில் எது வருகிறது என்று பார்ப்போம்.

உங்கள் கொப்பி சொல்வது

நீங்கள் போன கோழிகளை நரி, கீரி, பருந்து என்று மூன்று பங்காகப் பிரித்திருக்கிறீர்கள். எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது.

முதல் மூன்று வாரத்தில் 11 போயிருக்கின்றன, எல்லாம் பகலில். அதில் ஆறு, காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில், கிணற்றடி வெளியில். "சத்தமில்லை, ஒரு இடத்தில் கொஞ்சம் இறகு மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது வானத்திலிருந்து வந்தது. வல்லூறாக இருக்கலாம், செம்பருந்தாகவும் இருக்கலாம். அந்த வயதில் உங்கள் குஞ்சு ஒவ்வொன்றும் சுமார் 300 கிராம்தான் இருந்திருக்கும். கிணற்றடியில் ஓடி ஒளிய ஒரு செடிகூட இல்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்ற ஐந்தும் பின்வேலி ஓரம், வாய்க்கால் புல் பக்கம். இரண்டின் தலையும் கழுத்தும் தின்னப்பட்டு உடம்பு கிடந்திருக்கிறது. அது பெரும்பாலும் கீரி. வெயில் நேரத்தில், புல்லோரமாக, தனித்து நிற்கிற குஞ்சைத்தான் கீரி பார்க்கும்.

அடுத்தது அந்த ஒரு இரவு. விடியும்போது ஒன்பது கோழி செத்துக் கிடந்தன, வலை கிழிந்திருந்தது, ஒன்றையும் தின்னவில்லை. இதை நரி என்று எழுதியிருக்கிறீர்கள். நரி வந்தால் பெரும்பாலும் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விடும். மரநாய் கூட்டுக்குள் புகுந்தால் பலதைக் கடிக்கும், ஆனால் அது உள்ளே புக ஒரு சின்ன இடைவெளி போதும், வலையை இந்த மாதிரிக் கிழிக்காது. வலையைக் கிழித்து, ஓடின கோழியை எல்லாம் வளவு முழுக்கத் துரத்திக் கடித்து, தின்னாமல் போட்டுவிட்டுப் போவது நாயின் வேலை. அதுவும் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால். ஊரில் யாருடைய நாய் என்று கேட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம், உங்களிடம் சாட்சி இல்லை. ஆனால் நரிக்கென்று கண்ணி வைத்து நாயை மறந்துவிட்டால் அடுத்த மாதமும் அதே இரவு வரும்.

பிறகு நான்கு கோழி. இந்தப் பக்கத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். "தூங்கித் தூங்கி நின்றது, பச்சையாகக் கழிந்தது, பின்னேரம் காணவில்லை, கீரி" என்று நான்கு தடவை ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, கீரி கடைசியாக வந்தது. அதற்கு முதலே நோய் வந்துவிட்டது. பச்சைக் கழிச்சல், தூக்கம், செட்டையைத் தொங்கப் போடுதல் எல்லாம் நியூகாசில் என்கிற கோழித் தொற்று நோயில் வரும். நோய் பிடித்த கோழி ஓடாது, ஓடாத கோழியை எந்தப் பிராணியும் பிடிக்கும். வேறு நோயாகவும் இருக்கலாம், கோழியைப் பார்க்காமல் நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் தடுப்பு மருந்து என்ற சொல்லே வரவில்லை. மீதி 13 கோழியையும் மாமியின் கோழிகளையும் சேர்த்து, உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் சொல்லி, இந்தக் கிழமைக்குள் காட்டுங்கள். சுகமாக நிற்கிற கோழிக்குத்தான் தடுப்பு மருந்து போட வேண்டும். அதனால் தூங்கி நிற்பது இருந்தால் முதலில் தனியாகப் பிரித்து வையுங்கள்.

கடைசி மூன்று எப்படிப் போயின என்று கொப்பியிலும் இல்லை. விடுவோம்.

செத்த ஒன்பதையும் வாய்க்காலில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த வாசத்துக்கு உடும்பும் கபரக்கொய்யாவும் நரியும் நாயும் உங்கள் பின்வேலிக்கு வரப் பழகிவிடும். நோயில் செத்தது என்றால் ஊர்க் கோழிக்கெல்லாம் பரவும். இரண்டு முழம் ஆழத்தில் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள்.

மாமியின் ஐந்து பேடுகள்

நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன விசயம் இது. அதே வளவு, அதே பருந்து, அதே கீரி. மாமியின் பேடு ஒன்றும் போகவில்லை. ஏன்?

பின்னேரம் ஒரு அரை மணித்தியாலம் திண்ணையில் இருந்து அவற்றை மட்டும் பாருங்கள். ஊர்க்கோழி தலையைக் குனிந்து இரண்டு கொத்துக் கொத்தும், தலையைச் சரித்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும், பிறகுதான் மூன்றாவது கொத்து. மேலே பருந்து தெரிந்தால் நீளமாக, மெல்லிசாக ஒரு சத்தம் போடும். குஞ்சுகள் அந்த நிமிடமே செடிக்குள் பதுங்கி அசையாமல் கிடக்கும். நிலத்தில் பாம்போ கீரியோ வந்தால் அந்தச் சத்தம் வராது. விட்டு விட்டு, கொக்கு கொக்கு என்று உரக்கக் கத்தும், எல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரே பக்கம் பார்க்கும். இரண்டு ஆபத்துக்கு இரண்டு சத்தம். தாயின் பின்னால் திரிந்த குஞ்சு இதை முதல் வாரத்திலேயே பழகிவிடும்.

உங்கள் 40 குஞ்சும் பொரிப்பகத்தில் பொரித்து, விளக்கின் கீழ் வளர்ந்து வந்தவை. தாயைக் கண்டதே இல்லை. மனிதரைக் கண்டால் தீன் வரும் என்று ஓடி வரும். நாயைக் கண்டாலும் ஓடி வரும். அவற்றில் பிழை சொல்ல முடியாது. முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனம் அது. அடை கிடக்கிற குணத்தை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் அடை கிடக்கிற கோழி அந்த நாட்களில் முட்டை இடாது.

எந்த இனம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்

பழுப்பு முட்டைக்கோழி ஆண்டுக்கு 280, 300 முட்டை இடும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான், முட்டைக்கோழித் தீனை அளந்து போட்டால். வளவில் மேய்ந்து, வீட்டுக் குருணலும் தவிடும் தின்றால் அந்தக் கணக்கு வராது. பாரம் கூடியது, பறக்காது. இந்த இனத்தைக் காட்டோர வளவில் விடிய விட்டு இருளப் பிடிக்க முடியாது. வலையடித்த இடத்தில் வைத்து, நீங்கள் வளவில் நிற்கிற இரண்டு மணித்தியாலம் மட்டும் திறந்து விடலாம்.

ஊர்க்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 40 முதல் 70 முட்டை வரைதான் தரும். முதல் முட்டைக்கு ஆறு மாதமும் போகும். ஆனால் மரத்தில் ஏறும், பறந்து வேலி தாண்டும், தானே அடை கிடந்து குஞ்சு எடுக்கும், இறைச்சிக்கும் முட்டைக்கும் விலை கூட. நிறத்தைக் கேட்டால், காய்ந்த சருகோடு கலக்கிற பழுப்பு, புள்ளி, கோடு போட்டது நல்லது. தூய வெள்ளை வேண்டாம், மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது முதலில் தெரியும்.

கழுத்தில் இறகில்லாத கோழியைச் சிலர் அழகில்லை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது பிடிக்கும். உடம்பில் இறகு குறைவு, அதனால் வைகாசி, ஆனி வெயிலில் மற்றக் கோழி வாய் திறந்து இளைக்கும்போதும் இது மேய்ந்துகொண்டிருக்கும். ஆனால் வெக்கைக்குத்தான் இந்தக் குணம் உதவும், பருந்துக்கு உதவாது. அசில் மாதிரிச் சண்டைச் சாதி உயரம், துணிச்சல், குஞ்சைக் காக்கும். ஆனால் முட்டை மிகக் குறைவு, ஒன்றையொன்று கொத்திக் கிழிக்கும். உங்களுக்கு வேண்டாம்.

கருங்கோழியைப் பருந்து தொடாது என்பதை நம்பிக் காசு போட வேண்டாம். கறுப்பைக் காகம் என்று நினைத்துப் பருந்து விலகும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கறுத்தக் குஞ்சுகளும் பறிபோனதை நான் பல வளவுகளில் கண்டிருக்கிறேன். கீரிக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை.

காட்டுக்கோழி முட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். இலங்கைக் காட்டுக்கோழி நமது நாட்டில் மட்டும் உள்ள பறவை, நமது தேசியப் பறவை, சட்டத்தால் காக்கப்படுவது. அது ஒரு பக்கம் இருக்க, குஞ்சு பொரித்தாலும் உங்களிடம் தங்காது. ஒன்றில் பயத்தில் தீன் எடுக்காமல் சாகும், இல்லாவிட்டால் செட்டை வளர்ந்ததும் காட்டுக்குப் போய்விடும்.

கினிக்கோழியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு மூன்று இருந்தால் நல்லது. அந்நியமாக எது வந்தாலும் ஊரையே எழுப்பும். அது காவல்காரன் மட்டும்தான், அடை கிடந்து குஞ்சு வளர்க்க அதை நம்ப வேண்டாம்.

சரி, நான் உங்களிடத்தில் இருந்தால் என்ன செய்வேன்? புதிதாக ஒரு கோழிகூட வாங்க மாட்டேன், ஒரே ஒரு சேவலைத் தவிர. நல்ல உயரம், விழிப்பு, பழுப்பும் சிவப்பும் கலந்த ஊர்ச் சேவல். பத்துப் பேட்டுக்கு ஒன்று என்று கணக்கு வைத்தாலும் இப்போதைக்கு ஒன்று போதும். உங்கள் 13 பேடும் இன்னும் சில கிழமையில் முட்டையிடத் தொடங்கும். அவை முட்டை போடட்டும், மாமியின் பேடுகள் அடை கிடக்கட்டும். அந்தச் சேவல் சேர்ந்த பழுப்புக் கோழி முட்டையில் கொஞ்சத்தை மாமியின் அடைக்கோழிக்குக் கீழே வையுங்கள். 21ஆம் நாள் வருகிற குஞ்சுக்குத் தாயின் பாதி முட்டைக் குணமும் தகப்பனின் விழிப்பும் கொஞ்சம் வரும். எல்லாவற்றையும்விட, அதை ஒரு தாய் வளர்க்கும்.

ஒரு பேட்டுக்குப் பத்து முட்டை வைத்து, ஆறு குஞ்சு தப்பினால் போதும் என்று வையுங்கள். ஐந்து பேடு, ஆண்டுக்கு இரண்டு அடை என்றாலும் 60 குஞ்சு. நீங்கள் கடன் எடுத்து வாங்கியது 40.

எட்டுக் கிழமைக் கணக்கு

இந்த 60 வர வேண்டுமென்றால் குஞ்சு முதல் எட்டுக் கிழமைக்கு வெறும் வெளியில் நிற்கக் கூடாது. உங்கள் கதையில் எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை இனத்தில் நடக்கவில்லை, ஒரு மாதக் குஞ்சைத் தாயில்லாமல் திறந்துவிட்டதில் நடந்தது. உங்களுக்கு விற்றவர் சொல்லியிருக்க வேண்டும்.

முதல் இரண்டு கிழமை தாயையும் குஞ்சையும் கரப்பால் மூடி வையுங்கள். மாமியிடம் பழைய கரப்பு இருக்கும், கேட்டுப் பாருங்கள். கரப்பின் மேல் ஒரு கல்லைப் பாரம் வையுங்கள், காகமும் நாயும் புரட்டாமல் இருக்க. பிறகு பத்தடிக்குப் பத்தடி இடத்தை வேலியடைத்து, மேலே பழைய மீன்பிடி வலையைக் கட்டுங்கள். களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் கடற்கரையில் கேட்டால் கழித்துப் போட்ட வலை கிடைக்கும். தொய்யாமல் இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்த வலையில் குஞ்சின் காலும் மாட்டும், பாம்பும் மாட்டும்.

எட்டுக் கிழமைக்குப் பிறகு வளவில் விடும்போது, பத்துப் பதினைந்து காலடி தூரத்துக்குள் ஓடி ஒளிய ஒரு மறைவு இருக்க வேண்டும். கிணற்றடி வெளியில் மரவள்ளி நடுங்கள். மூன்று மாதத்தில் நிழலும் மறைவும் வரும், கிழங்கும் கிடைக்கும். பாவல், புடோல் பந்தலைத் தாழ்வாகப் போடுங்கள். பின்வேலியில் இதற்கு எதிர்மாறு. வேலியிலிருந்து ஆறேழு அடிக்குப் புல்லையும் குப்பையையும் வெட்டிச் சுத்தமாக வையுங்கள். கீரி வெளியைக் கடந்து வரத் தயங்கும், கோழியும் தூரத்திலேயே கண்டுவிடும்.

இரவுக்கூடு

கடன் காசில் மிச்சம் இருந்தால் இதற்குப் போடுங்கள். ஆறடி நீளம், ஐந்தடி அகலத்தில் 25 கோழிக்குத் தாராளமாகப் போதும், இரவு தங்க மட்டும்தானே. நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கால் வைத்துக் கட்டுங்கள். அடித்தளம் பனஞ் சலாகை, விரல் அகல இடைவெளி விட்டு, கீழே வலை. நாலு காலிலும் ஒரு முழ அகலத்துக்கு வழுவழுப்பான தகரம் சுற்றினால் எலியும் பாம்பும் ஏறுவது கடினம். கூட்டின் மேல் ஓலையைத் தொடுகிற மரக்கிளை இருந்தால் வெட்டி விடுங்கள், மரநாய்க்கு அதுதான் பாலம்.

வலையைப் பற்றி ஒரு விசயம். நீங்கள் அடித்திருந்தது அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை. அது கோழியை உள்ளே வைத்திருக்கும், நாயை வெளியே வைத்திருக்காது. அரை அங்குலக் கண் உள்ள, ஒட்டுப்போட்ட தடித்த கம்பிவலை வாங்குங்கள். முழுக் கூட்டுக்கும் காசு போதாவிட்டால் கீழ் மூன்றடிக்கு அதை அடித்து, மேலே பலகையும் சலாகையும் போடலாம். குஞ்சுக் கூடு நிலத்தில் இருந்தால் வலையை ஒரு அடி ஆழத்துக்குப் புதையுங்கள், கீரி கிளறிக்கொண்டு வரும். கதவுக்குக் கயிறு கட்ட வேண்டாம், இரும்புக் கொளுக்கி போடுங்கள்.

எனக்கே ஒரு தடவை நடந்தது. வேலைக்கு வந்த புதிதில், குடியிருந்த வீட்டில் பத்துக் கோழி வைத்திருந்தேன். கூட்டுக் கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கை நுழைகிற இடைவெளி. நாளைக்கு அடைப்போம், நாளைக்கு அடைப்போம் என்று மாரி தொடங்கிவிட்டது. ஒரு விடியற்காலை கூட்டுக்குள் வெங்கிணாந்தி சுருண்டு கிடந்தது, வயிறு புடைத்து, வந்த வழியால் வெளியே போக முடியாமல். எனது நல்ல பேடு இரண்டு அதன் வயிற்றுக்குள். மாரி காலத்தில் வயலும் வாய்க்காலும் நிறைந்தால் பாம்பும் கீரியும் மேட்டுக்கு ஏறும். உங்கள் வளவு மேடு என்று எழுதியிருக்கிறீர்கள். ஐப்பசிக்கு முதல் கூட்டு வேலையை முடித்துவிடுங்கள்.

பொழுது சாய முதல் எண்ணி அடையுங்கள். அந்தக் கணக்கு மகளின் வேலையாக இருக்கட்டும், அந்தக் கொப்பியிலேயே எழுதட்டும்.

கரண்ட் கம்பியும் மருந்தும்

இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். பக்கத்து வளவு அண்ணன் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார், "யானை வேலியிலும் கரண்ட்தானே போகிறது" என்று. அது வேறு, இது வேறு. யானை வேலிக்கு ஒரு கருவி இருக்கிறது. அது ஒரு கணத்துக்கும் குறைந்த நேரத்துக்கு ஒரு அடி அடித்து விட்டுவிடும், ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு ஒரு தடவை. தொட்டது கையை இழுத்துக்கொள்ளலாம். வீட்டு லயின் 230 வோல்ட், நிற்காமல் ஓடுவது. தொட்டவரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தில், இரவில், வெளிக்குப் போகிற மாமியோ பந்து எடுக்க ஓடுகிற பிள்ளையோ அதைத் தொட்டால் என்ன ஆகும்? இப்படி இழுத்த கம்பியில் மனிதரும் யானையும் செத்த செய்தி நமது மாவட்டத்துக்குப் புதிது இல்லை. சட்டப்படியும் குற்றம், யாராவது செத்தால் வழக்கு உங்கள் பெயரில் வரும்.

முட்டைக்குள் வைக்கிற மருந்தும் அப்படித்தான். யார் அந்த முட்டையை எடுப்பார் என்று உங்களால் சொல்ல முடியாது. கால் தட்டினால் தானே வெடிக்கிற கட்டுத்துவக்கு வேண்டவே வேண்டாம். பருந்து, கொடுப்புலி என்று சொல்கிற மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, கபரக்கொய்யா எல்லாம் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காக்கப்படுகிறவை. உங்களுக்கு வயலும் இருக்கிறது. கீரியும் ஆந்தையும் காட்டுப்பூனையும் தின்கிற எலியின் கணக்கை யாரும் கொப்பியில் எழுதுவதில்லை, ஆனால் அறுவடைக்கு அது தெரியும்.

நாய் வளர்க்கலாமா என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். வளர்க்கலாம். குட்டியாக எடுத்து, கோழியோடு பழக்கி, கோழியைத் துரத்தினால் முதல் நாளே அதட்டுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள். ஆனால் கோழி பிடித்துப் பழகின பெரிய நாயைத் திருத்தலாம் என்று யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்க வேண்டாம்.

கடனும் கணவரும்

விற்பதா என்று கேட்டால், இப்போது விற்க வேண்டாம். முட்டைக்கு வருகிற நேரத்தில் 13 பேட்டை இறைச்சி விலைக்குக் கொடுத்தால் நட்டம் முழுதாக உங்கள் தலையில் நிற்கும். வலையடித்து வைத்து, தீனைக் குறைக்காமல் போட்டால், நாளுக்கு எட்டு ஒன்பது முட்டையை எதிர்பார்க்கலாம். அதில் தீன் செலவு போக மிச்சத்தைத் தவணைக்குக் கட்டுங்கள். சங்கத்துக் கூட்டத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, தவணையை நீட்டித் தரும்படி கேளுங்கள். கொப்பியையும் கொண்டு போங்கள். கணவருக்கும் அதன் படத்தை அனுப்புங்கள். 27 கோழி கவனக்குறைவால் போனது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பக்கங்களைப் பார்த்தால் அப்படி நினைக்க மாட்டார். மூன்று மாதம் கழித்தும் முட்டைக் காசு தீனுக்கே பத்தாவிட்டால், அப்போது பழுப்புக் கோழியை விற்று ஊர்க்கோழியோடு மட்டும் நில்லுங்கள். அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

மாமியோடு இருந்து பேசுங்கள். கோழியைப் பற்றி அவரிடம் இருப்பது எனது படிப்பில் பாதிக்கு மேல். நீங்கள் கேட்காததால்தான் அவர் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அந்த ஒற்றைக் கண் பேடு. கறிக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள், மகள் அழுகிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். குஞ்சைத் தூக்க வந்த பருந்தின் மேல் பாய்ந்து வாங்கின காயம் அது என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதைக் கறிக்குப் போடாதீர்கள். செட்டைக் காயத்தை உப்புத் தண்ணீரில் கழுவி, ஈ மொய்க்காமல் மஞ்சள் பூசி, ஒரு கிழமைக்குத் தனியாக வையுங்கள். புழு வைத்திருந்தால் நீங்களே கிளறாமல் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். ஆறின பிறகு அது கூட்டை விட்டு எழும்பாமல், கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமினால், அடைக்கு வந்துவிட்டது. ஒரு பழைய கடகத்தில் மணலும் வைக்கோலும் போட்டு, கண் தெரிகிற பக்கம் வாசலைப் பார்க்கும்படி வையுங்கள். நன்றாக இருட்டிய பிறகு ஒன்பது முட்டையை அதன் வயிற்றுக்குக் கீழே ஒவ்வொன்றாகத் தள்ளி விடுங்கள்.